மரத்தூள் வந்த ஆண்டு

மூப்பு முதலில் எதைப் பறித்துக்கொள்கிறது என்பதில் நமக்குள் ஒருமித்த கருத்து ஏற்பட்டதே இல்லை. மாலையில் பூங்காவில் கூடும்போது உங்களில் சிலர் கண் என்பீர்கள், சிலர் முழங்கால் என்பீர்கள். என்னிடமிருந்து முதலில் விடைபெற்றது மோப்பம். அடுப்பில் பால் தீய்ந்தால் அண்டை வீட்டார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட எனக்கு, சிறுமியாக நான் வாழ்ந்த இலாயத்தின் இரண்டு மணங்கள் மட்டும் இன்றும் தனித்தனியே விளங்குகின்றன. ஒன்று வைக்கோலின் மணம். மற்றொன்று மரத்தூளின் மணம். முன்னது போய்ப் பின்னது வந்த ஆண்டில் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை எழுதத் துணிகிறேன். அதில் தொடர்புடைய பெரியவர்கள் அனைவரும் மறைந்துவிட்டார்கள். இனி எவர் மனமும் புண்படாது. எருவைப் பற்றிய பேச்சு இதில் மிகுதியாக வரும். பொறுத்தருள்க. எருவை விலக்கிவிட்டு என் தாயைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். நம் நகரத்து ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் ஒரு வெள்ளை வணிகரின் பெருமனை; அதன் பின்புறத்தில் அவருடைய குதிரை இலாயம். அப்பா அந்த இலாயத்தின் மேற்பார்வையாளர். இலாயச் சுவரை ஒட்டி எங்களுக்கென்று ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். அப்பாவின் தமக்கை, என் அத்தை, இளமையிலேயே கணவரை இழந்து எங்களோடு வாழ்ந்தார். குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைப்பவர் ஓர் இசுலாமியர். நாங்கள் அனைவரும் அவரைப் 'பாய்' என்றே அழைத்தோம். குரப்பம் என்னும் இரும்புச் சீப்பால் அவர் குதிரையின் விலாவைத் தேய்க்கும் ஓசைதான் எனக்குப் பொழுது விடிந்ததற்கு அடையாளம். அந்த ஓசையோடு வேகும் கொள்ளின் ஆவி வரும். அதன்பின் வைக்கோல் மணம் வரும்.

குதிரைகள் படுப்பதற்கு மாலையில் நெல் வைக்கோலைத் தடித்த மெத்தையாக விரிப்பார்கள். காலையில் நனைந்த வைக்கோலையும் இலத்தியையும் கவைக்கோலால் வாரி, எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த குழியில் கொட்டுவார்கள். அந்தக் குவியல் உயிருள்ள பொருள்போல வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழிக் குளிரில் அதன் உச்சியிலிருந்து புகை எழும். எங்கள் கோழிகள் அதன் சரிவிலேயே அடைந்துகிடக்கும். நானும் பள்ளிக்குச் செல்லுமுன் இரு கைகளையும் அதன் விலாவில் நுழைத்துச் சூடேற்றிக்கொள்வேன். அத்தை அருவருத்து ஏசுவார். அப்பா சிரிப்பார். ஒரு பருவம் கடந்தால் அது கரிய பொடியாக உதிரும். வைக்கோல் இருந்த தடமே தெரியாது. கையில் எடுத்தால் முதல் மழை பெய்த மண்போல மணக்கும். ஜீவனஹள்ளியிலிருந்து காய்கறி பயிரிடுவோர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிச் செல்வார்கள். ஆயினும் முதற்கூடை எப்போதும் என் தாயின் பூப்பாத்திக்குத்தான்.

அந்தப் பூப்பாத்திக்கு ஒரு நோக்கம் இருந்தது. நம்மவர் வீடுகளில் கல்லறைத் திருநாள் எவ்வளவு பெரிய நாள் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கார்த்திகை பிறக்குமுன்னர் வரும் அந்த நாளில், கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, பூவால் சிலுவை வரைவோம். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. இறந்தவருக்கு வைக்கும் பூ கடையில் வாங்கியதாக இருத்தல் ஆகாது. அவருக்கு மிக நெருங்கியவர் தம் கையால் நட்டு, தம் கையால் நீரூற்றி, தம் கையால் கொய்ததாக இருக்கவேண்டும். கடைப்பூ வைத்த கல்லறையைப் பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். என் தாயின் வெண்சாமந்தி ஆண்டுதோறும் அவருடைய பெற்றோரின் கல்லறையை மூடிவிடும். "உன் கை பூக்கிற கைடீ" என்று அத்தையே ஒருமுறை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டில் எனக்கொரு தம்பி இருந்தான். தவழத் தொடங்கும் அகவை.

தவக்காலத்தின்போது ஒரு காலையில் வைக்கோல் வண்டிக்கு மாறாக வேறொரு வண்டி வந்தது. அதில் கோணி மூட்டைகள். அவிழ்த்துக் கொட்டியபோது மஞ்சள் நிற மரத்தூள் மணல்போலச் சரிந்தது. படைக்கலன் அடைக்கும் பெட்டிகள் செய்த மர அறுவை ஆலையிலிருந்து வந்த தூள் அது.

"இன்னா சார் இது? குதிரைக்கு உப்புமா கிண்டப் போறீங்களா?" என்றார் பாய்.

"வைக்கோல் எல்லாம் மிலிட்டரிக்குப் போவுது பாய். கோவேறு கழுதைங்களுக்குத் தீனி. இனிமே இதான் நம்ம குதிரைக்குப் படுக்க," என்றார் அப்பா.

"கழுதைக்கு வைக்கோலு, குதிரைக்குத் தூளு. நல்ல நியாயம் சார்! நாளைக்கு நம்ம பிரியாணியில மணலு போடுவாங்க. அதையும் துன்னுட்டு சலாம் போடணும்."

"அட, விரிச்சுப் பாரு பாய். தொர சொல்லிட்டாரு."

விரித்துப் பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. இலாயம் புதுவீடுபோல மணத்தது. குதிரைகளின் வயிற்றில் கறை ஒட்டவில்லை. துரை வந்து பார்த்து அப்பாவின் தோளில் தட்டிவிட்டுச் சென்றார். அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாரு, ஸ்வல்ப நாத்தங்கூட இல்ல," என்று அம்மாவை அழைத்துச் சென்று காட்டினார். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. "சேசுவே, சோத்துல தூளு, பாயில தூளு, செபமாலையில தூளு" என்று நாள்முழுவதும் தட்டிக்கொண்டே இருந்தார். தூளோடு சில வேளைகளில் சுருண்ட மரச்சீவல்களும் வரும். அப்பா அவற்றைப் பொறுக்கிவந்து தம்பியின் முன் தொங்கவிடுவார். நீட்டிவிட்டால் மீண்டும் சுருண்டுகொள்ளும் அந்தச் சீவலைக் கண்டு தம்பி மூச்சுத் திணறும் அளவுக்குச் சிரிப்பான். அவன் சிரிப்பை விடாமல் கேட்பதற்காக அப்பா பகலுணவை மறந்து மண்டியிட்டிருந்த காட்சி இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

மழை தொடங்கிய வாரத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது.

அப்பா குதிரைகளோடு வெளியூர் சென்றிருந்தார். அம்மா குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டு வாயிலில் நின்றார். வெளியே கொட்டும் மழை.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அத்தை.

"ஒடம்பு கொதிக்குது அண்ணி. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

"பல்லு மொளைக்கிற காய்ச்சலுக்கு டாக்டரா? இந்த மழையில தூக்கினு போனாத்தான் சளி கட்டும். நா பாக்காத புள்ளையா? உள்ள வா. வெந்நீரு வெச்சிருக்கேன்."

அத்தையின் பேச்சில் அன்புதான் இருந்தது. அதை இன்று உறுதியாகச் சொல்லுவேன். அம்மா உள்ளே வந்தார். மறுநாள் மழை விட்டிருந்தது. ஆனால் தம்பி கண் திறக்கவில்லை. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா வந்து சேர்ந்தபோது, தாம் ஊரிலிருந்து வாங்கிவந்த கிலுகிலுப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அம்மா பழைய சாமந்தித் தூரிலிருந்து முளைகளைக் கிள்ளிக்கொண்டு பாத்தியருகே அமர்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மழைக்காலம் போய் கல்லறைத் திருநாளுக்குள்ள இது பூத்துடும் இல்லம்மா?" என்றேன்.

"பூக்கணும். அவனுக்குன்னு நா வேற இன்னா குடுத்தேன்? ஒரு சட்டகூட முழுசா தெச்சு முடிக்கல. பூவாவது நெறையக் குடுக்கணும்," என்றார்.

அந்தப் பருவம் முழுவதும் என் தாய் இந்த ஒன்றுக்காகத்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. உண்பதில் நாட்டமில்லை, பேச்சில்லை. பொழுது விடிந்தால் பாத்தி. பொழுது சாய்ந்தால் பாத்தி.

அப்பா அழுததை நாங்கள் எவரும் காணவில்லை. அவர் கூடை சுமந்தார். வேலை முடிந்ததும் மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குழிக்குச் சென்று எருவை நிரப்புவார். தலையில் வைத்துக் கொண்டுவந்து பாத்தியில் கொட்டுவார். மண்வெட்டியால் ஆழக் கொத்திப் புரட்டுவார். மீண்டும் செல்வார். மரத்தூளோடு கலந்த இலத்தி சிறுநீரில் ஊறிக் கன்னங்கரேலென்று மாறியிருந்தது. பார்வைக்கு நன்கு மக்கிய எருவேதான். அம்மா ஒருநாள் தடுத்தார்.

"போதுங்க. இவ்ளோ எதுக்கு?"

"போதாது. அவனுக்குப் பூக்கப் போறது. நெறையப் போடலாம்."

அந்தக் குவியலில் ஒரு மாலை நான் வழக்கம்போலக் கையை நுழைத்தேன். ஈரச் சாக்கைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது. "அப்பா, இது சூடாவே இல்லையே" என்றேன். "மழையில நனைஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். அவர் சொன்னது எனக்கும் பொருத்தமாகவே பட்டது. மழை அப்படிப் பெய்துகொண்டிருந்தது.

நட்ட முளைகள் வேர்பிடித்துத் தலைநிமிர்ந்தன. அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதன்பின் அடியிலைகள் வெளிறத் தொடங்கின. முதலில் எலுமிச்சை நிறம்; அடுத்துப் பழைய தாளின் நிறம். வெளிறல் மெல்ல மேலேறியது. தண்டு வளரவில்லை, நூல்போல மெலிந்து நின்றது. அம்மா நீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கோணியால் நிழல் கட்டினார். பாய் வந்து குந்தியமர்ந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "பூச்சி இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம குதிர லத்தி துன்னுட்டு வளராத செடி ஒலகத்துல இல்ல தங்கச்சி. இன்னும் ரெண்டு கூடை போட்டா எழுந்துரும்," என்றார். அப்பா போட்டார்.

ஐப்பசி பிறந்தபோது பாத்தி நோயுற்ற குழந்தைபோல வாடிக்கிடந்தது. மொட்டு ஒன்றுகூட இல்லை. அம்மா நீர்க்குடத்தோடு நின்றிருந்தார். அத்தை அருகில் வந்து குடத்தின்மேல் கை வைத்தார். நான் கிணற்றடியில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் என் செவியில் விழுந்தது.

"நா சொல்றேன்னு மனசு நோவாத. சில நேரத்துல கை அப்பிடி ஆயிடும். புள்ளையப் பறிகுடுத்த கை ஆறணும். கொஞ்ச நாளு நீ தொடாத. நா ஊத்தறேன்."

அம்மா தம் கைகளைப் பார்த்தார்.

"அப்போ, அன்னிக்கு அவன வெச்சுனு இருந்ததும் இந்தக் கைதானே அண்ணி?"

அத்தை குடத்தை வாங்கிக்கொண்டு பாத்தியின் மறுபுறம் சென்றுவிட்டார்.

என்னொத்த அகவையினரே, மனிதர் பேசிய சொற்களுக்காக அவர்களைக் குறைகூறுவது எளிது. அன்று அத்தை பேசாமல் விட்ட 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லை நான் வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். மழைநாளில் அம்மாவை வாயிலிலிருந்து உள்ளே அழைத்தவர் அவர். அதை ஒருவரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லாமலே அது அவரைத் தின்றிருக்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் தம்பிக்காகக் கோயிலில் பூசைக்குப் பணம் கொடுத்தார்; முழங்காலில் நின்றே செபமாலை சொன்னார். தம்பியின் இறப்புக்கு அம்மாவின் கை கரணியமாகிவிட்டால், மழையில் ஒலித்த அந்தக் குரல் கரணியமாகாது. இப்படி அவர் திட்டமிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நீரில் மூழ்குபவர் எதைப் பற்றுகிறோம் என்று பார்ப்பதில்லை அல்லவா?

மறுநாள் காலையில் நான் தலைவாரிக்கொள்ளச் சீப்போடு அம்மாவிடம் சென்றேன். அவர் சீப்பை வாங்கவில்லை. "அத்தகிட்ட போ கண்ணு," என்றார். அதன்பிறகு என் கூந்தலை அவர் தொட்டதே இல்லை. சமைத்தார், துணி துவைத்தார், பாத்திரம் துலக்கினார். உயிருள்ளவற்றைத் தொடுவதை மட்டும் விட்டார். கோழிக்குஞ்சுகளைப் பிடித்துக் கூடையால் கவிழ்க்கும் வேலையும் எனக்கு வந்தது. அத்தையின் விரல்கள் என் தலையை இறுக இழுத்துப் பின்னும். எனக்கு வலிக்கும். வாய் திறவாமல் அமர்ந்திருப்பேன், அம்மா பார்த்துக்கொண்டிருப்பார் என்பதற்காக.

அத்தை நீரூற்றியும் பாத்தி தேறவில்லை. அதற்கும் அத்தை ஓர் உட்பொருள் கண்டார்: முதலில் பட்ட கையின் சூடு இன்னும் இறங்கவில்லையாம்.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் பகலில் பாய் எங்கள் கதவைத் தட்டினார். அவர் கையில் துருப்பிடித்த தண்ணீர் வாளி ஒன்று. குதிரை உதைத்து நெளிந்துபோனது. அதில் வெண்சாமந்தி குலுங்கக் குலுங்கப் பூத்திருந்தது. இலைகள் கரும்பச்சை.

"தங்கச்சி, இந்தா பாரு! ஒன் செடிதான். நீ கிள்ளிப் போட்ட மிச்சத்தக் கொண்டுபோயி நட்டேன். புள்ளைக்கு வெச்சுடு," என்றார். முகமெல்லாம் பெருமிதம்.

அம்மா அந்தப் பூக்களை உற்று நோக்கினார்.

"இதுக்கு இன்னா போட்டீங்க பாய்?"

"ஒண்ணும் போடல தங்கச்சி. லத்தி எல்லாம் ஒம் பாத்திக்கே போவட்டும்னு விட்டுட்டேன். ரோட்டோரத்து செம்மண்ணு, கொஞ்சம் தண்ணி. அவ்ளோதான்."

"ஒங்க கை நல்ல கை," என்றார் அம்மா.

பாய் மகிழ்ந்து சிரித்துக்கொண்டே சென்றார். அந்த நல்லவர் அன்று விடையையே வாளியில் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார். அவருக்கும் அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரே தாய்ச்செடியின் முளைகள். ஒன்றுமே இடாத கையில் பூக்கின்றன, கூடைகூடையாக இட்டவர் பாத்தியில் சாகின்றன. என் தாய்க்கு அதன்பின் வேறு சான்று தேவைப்படவில்லை. இரக்கமே அவருக்கு எதிரான தீர்ப்பாக வந்து நின்றது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் மெழுகுவத்தி விற்போரும் இரப்போரும் நெருக்கியடித்தனர். உருகும் மெழுகும் ஈரச் சுண்ணாம்பும் கலந்து மணத்தன. அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். அத்தை பின்தொடர்ந்தார். அம்மா வாயிலோடு நின்றுவிட்டார்.

"ஏன், வரல?" என்றார் அப்பா திரும்பி.

"நீங்க வெச்சுட்டு வாங்க. நா இங்கிருந்தே வேண்டிக்கறேன்."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவர் முழங்கையைத் தொட்டார். அவர் மீண்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே சென்றார். நான் அம்மாவோடு நின்றேன். கூட்டம் இடித்தது. அச்சத்தில் அவர் கையைப் பற்றப் போனேன். அவர் இரு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டார். "அப்பா கையைப் புடிச்சுக்கோ கண்ணு. ஓடு," என்றார். நான் ஓடினேன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். கையிழந்தவர்போல முந்தானைச் சுருட்டோடு அந்தப் பெருங்கூட்டத்தில் என் தாய் தனியே நின்றார்.

பாத்தியை அதன்பின் எவரும் கொத்தவில்லை. இரண்டு மழைக்காலம் சென்றபின் அது தானாகவே தழைத்தது. பட்டுப்போனதாக நாங்கள் நினைத்திருந்த தூர்களிலிருந்து சாமந்தி வெடித்துக் கிளம்பி, இடுப்பளவு எழுந்து, பூவின் கனம் தாங்காமல் சாய்ந்தது. அப்படியொரு விளைச்சலை அந்தத் தெரு கண்டதில்லை. அத்தை கண்ணீரோடு என் தாயை அழைத்துக் காட்டினார். "பாத்தியா? நீ தொடாம விட்டதும் எப்பிடி வந்துடுச்சு! மாதா எரங்கிட்டா!" அம்மா தலையசைத்தார். தம் கையே தீங்கு என்ற அவருடைய நம்பிக்கைக்கு அடியில் கருங்கல் வைத்ததுபோல ஆயிற்று.

போர் முடிந்தது. வைக்கோல் வண்டி மீண்டும் வந்தது. ஆனால் விரைவிலேயே துரை தம் நாட்டுக்குக் கப்பலேறினார். குதிரைகளை எவரெவரோ ஓட்டிச் சென்றார்கள். பாய் பெண்குதிரை ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் தம் உறவினர் ஊருக்குச் சென்றார். அப்பா ஒரு பண்டகசாலையில் வேலை தேடிக்கொள்ள, நாங்கள் பிரேசர் டவுனில் வாடகை வீடு புகுந்தோம். அங்கே பாத்திக்கு இடமில்லை.

என் தாய் அதன்பின் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை. ஞானத்தாயாக நிற்கும்படி உறவினர் வந்து கேட்டால், உடல்நலம் குன்றியிருப்பதாகச் சொல்லித் தட்டிக்கழித்தார். எனக்கு மணமாகி மகன் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலருகே நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "கொஞ்சம் தூக்கும்மா," என்றேன். "அழகா இருக்கான். ஒங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். என் மாமியார் முகம் சுளித்தார். எனக்கும் அன்று மனக்கசப்புதான். காய்ந்த நெஞ்சம் என்று என் கணவர் வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

நான் தமிழாசிரியையாகப் பணியாற்றிய பள்ளியில் தோட்டம் அமைக்க முனைந்த ஆண்டில், குதிரையேற்றம் பழக்கும் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு வண்டி எரு வந்து நின்றது. தாவரவியல் கற்பித்த ஆசிரியை வண்டிக்காரரிடம் கேட்டார்: "வைக்கோல் போட்ட லத்தியா, மரத்தூள் போட்ட லத்தியா?"

நான் கையிலிருந்த விடைத்தாள்களை அப்படியே திண்டின்மேல் வைத்துவிட்டு அவரிடம் சென்றேன். ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். அவர் எளிதாகச் சொன்னார். வைக்கோல் மென்மையானது, சூடேறி ஒரு பருவத்தில் மக்கிவிடும். மரத்தூள் அப்படியன்று. இலத்தியோடு சேர்ந்து கறுத்துவிட்டாலும் உள்ளே மரம் மரமாகவே இருக்கும். அதை மண்ணில் புதைத்தால், தான் மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை எல்லாம் தானே உறிஞ்சிக்கொள்ளும். செடி பட்டினியால் வெளுக்கும். மேலும் மேலும் இட்டால் மேலும் மேலும் பட்டினி. ஓரிரு ஆண்டு ஆறவிட்டால், எடுத்ததை எல்லாம் மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும். அப்போது செடி பூரித்துக் கிளம்பும். "அதனாலதான் கேட்டேன். ஏன், ஒங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார்.

அன்று பிற்பகல் விடுப்புச் சொல்லிவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குச் சென்றேன். அத்தை இறந்து பல்லாண்டு ஆகியிருந்தது. அப்பா முன்புறத்தில் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். செவி சற்று மந்தம். அம்மா அடுக்களையில் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் இத்தனை ஆண்டு கற்பித்த எனக்கு அன்று சொல் குழறியது. மரத்தூள்தான் அம்மா, உன் கை இல்லை அம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் விரல்கள் அரிசியில் அப்படியே நின்றன.

"கூடகூடையாப் போட்டாரு."

"ஆமாம்மா."

"போதும்னு சொன்னேன். கேக்கல." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "இத அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நேரா ஒங்கிட்டதான் வந்தேன்."

"சொல்லாத."

"ஏம்மா? இத்தன வருசமா நீ..."

"அந்தப் புள்ளைக்குன்னு அவரு செஞ்சது அது ஒண்ணுதான். மழையில நனைஞ்சு நனைஞ்சு சொமந்தாரு. அதுதான் செடியக் கொன்னுச்சுன்னு இந்த வயசுல சொன்னா மனுசன் தாங்குவாரா? என் கைன்னே இருந்துட்டுப் போவட்டும். எனக்குப் பழகிடுச்சு."

வானொலியின் ஒலி குறைந்தது. "இன்னா, அம்மாவும் பொண்ணும் குசுகுசுன்னு பேசினு இருக்கீங்க?" என்று அப்பா குரல் கொடுத்தார்.

அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க. இவ ஸ்கூல்ல தோட்டம் போடறாங்களாம். குதிர லத்தி போட்டா நல்லதான்னு கேக்கறா."

"நல்லதான்னா கேக்கறா?" அப்பாவின் குரலில் நெடுநாள் காணாத ஊக்கம். "அதவிட நல்லது ஏது! நெறையப் போடச் சொல்லு."

"சொல்றேங்க," என்றார் அம்மா.